நியூட்ரலில் இறங்காதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும், உன் அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட, முழங்கால் வலி குறைந்து இப்போது கைப்பிடியைத் தொடாமலே மாடி ஏறுகிறாள். மாமா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான், காலை இழுத்து இழுத்து நடந்தாலும் வாய் மட்டும் ஓயவில்லை, சிரித்துச் சிரித்து உன் அம்மாவுக்கு வயிறு வலித்துவிட்டது. எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்குப் போனில் நீ சொன்னாயே, மலைமேல் வேலை முடிகிறது, சனிக்கிழமை ஜெனரேட்டரை டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப்பில் நீயே இழுத்துக்கொண்டு இறங்குகிறாய், பாதையெல்லாம் பனி உறைந்து வழுக்குகிறது என்று. அதோடு விட்டாயா, "நியூட்ரல்ல விட்டா வண்டி பாட்டுக்கு இறங்குதுப்பா, நீங்க கத்துக்குடுத்தது வீண் போகலை" என்றாய். உன் அம்மா பெருமையாக என்னைப் பார்த்தாள். கியரிலேயே இறங்கும்மா என்றேன், ஏன் என்று கேட்டாய், சும்மாதான் என்றேன். அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று நீ சிரித்தாய். வீட்டில் இருப்பது ஒரே போன், ஸ்பீக்கரில் போடாமல் உன் அம்மாவுக்குப் பேசத் தெரியாது, அவள் காதுபட என்னால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது.

நீ எட்டாவது படிக்கும்போது சிமெண்ட் மூட்டையோடு வண்டி பாலத்துச் சுவரில் மோதி மாமாவின் கால் நசுங்கியது நினைவிருக்கும். பிரேக் பிடிக்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஆமாம் என்றேன். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். காலி வண்டியில் அது தெரியாது, சுமை இருந்தால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். வழி முழுக்கப் பிரேக்கையே மிதித்தேன், சூடேறிக் கருகிய வாடை வந்தது, அதற்குப்பின் மிதித்ததற்குப் பலனே இல்லை. முந்தின நாள் பிரேக் பார்த்துக்கொடுத்த மெக்கானிக்கை, தன் தம்பி காலைக் கெடுத்தவன் என்று உன் அம்மா இன்றுவரை வாசற்படி ஏறவிடவில்லை. அந்த மனிதர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார், தப்பு தன்னுடையது என்று அவரே நம்பிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். இப்படிப்பட்ட நான்தான் உனக்கு வண்டி கற்றுக்கொடுத்தேன்.

கண்ணு, இறக்கம் தொடங்குமுன்பே சின்ன கியருக்கு வந்துவிடு, பாதியில் மாற்றாதே. பிரேக்கை விட்டு விட்டு மெதுவாக மிதி, பனியில் ஓங்கி மிதித்தால் டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி உன் வண்டியையே சுழற்றிவிடும். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, ஜெனரேட்டரைக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார், ஓட ஓடத் தளரும். பாதை சரியில்லையென்றால் இறங்கவே வேண்டாம், முதலாளி திட்டினால் திட்டட்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் உறைக்கிறது, இது உன் கைக்கு வரப் பத்து நாளாகும். சனிக்கிழமைக்கு மூன்றே நாள். உன் அம்மா கொடியில் துணி உலர்த்துகிறாள், கூப்பிடப் போகிறேன். எனக்குப் பேச்சு வராது, இந்தக் காகிதத்தை அவளிடம் கொடுத்துவிடுகிறேன், போனில் அவளே உனக்குப் படிக்கட்டும். நடுவில் அவள் நிறுத்திவிட்டால், கியரைப் பற்றி எழுதிய இடத்தை மட்டுமாவது படிக்கச் சொல்.

நீ ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகக் கீழே வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா