சாவன்று இறங்கிய வள்ளம்

அந்தோணியார்வலசை
12.6.2006

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எட்வர்ட் எழுதுவது. ஜோதிமேரி மதினியும் உங்கள் பேத்தியும் சுகமா? நம் ஊரில் எய்ட்ஸ் தடுப்புக்குத் திட்டம் போடுகிறோம். ஊர்க்காரர்களே கூடிப் போடவேண்டுமாம். நான்தான் கமிட்டிச் செயலாளர். ரத்தப் பரிசோதனை வேன் வந்து நின்றது, ஒருவரும் ஏறவில்லை. நோய் கண்ட குடும்பத்தார் கமிட்டியில் இருந்தால் சனம் வரும் என்கிறார்கள். உங்கள் மகன் சவேரியார் அண்ணனை நினைத்து நீங்கள் வரவேண்டும். பழையதை மறந்துவிடுங்கள்.

அன்புடன்,
எட்வர்ட்

---

தங்கச்சிமடம்
20.6.2006

எட்வர்டுக்கு,

மரியே வாழ்க. நான் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு மனசில்லை. பேத்தி எழுதித் தாரேன் என்றாள். என் கோபத்தை நானே எழுதிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எதை மறக்கச் சொல்லுற ஏலே? ஊரில் சாவு விழுந்தால் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. உங்கப்பன் குடிச்சுக் குடிச்சே செத்தான். அயிலை மீன் குவிஞ்சு வந்த நாள் அது. எவன் வலையாவது நனைஞ்சதா? என் மகனைக் கிடத்தி நான் தலைமாட்டில் உட்கார்ந்திருக்க, கரையில் எஞ்சின் சத்தம் கேட்டது. முதல்ல இறங்கினது உன் பச்சை வள்ளம். உங்கம்மா, என் கூடப்பிறந்தவ, வாசல்வரை வந்து மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பினா. அவனை அங்கனயே புதைச்சிட்டு நாங்க ஊரை விட்டு வந்தோம்.

வேனில் ஏன் ஏறலை என்று கேட்கிற. இந்த நோயில் செத்தால் நமக்குக் கடல் நிக்காது என்று ஊரே அன்னிக்குப் பார்த்துச்சு. பிறகு எவன் ஏறுவான்? 'இந்தச் சாவுக்கும் தொழில் நிறுத்தம்' என்று உன் திட்டத்தில் எழுது. அப்புறம் என்னைக் கூப்பிடு.

அற்புதம்மாள்

---

அந்தோணியார்வலசை
3.7.2006

பெரியம்மாவுக்கு,

கூட்டத்தில் சொன்னேன். அது ஊர்க் கட்டுப்பாடு, திட்டத்தில் வராது என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். தெரு நாடகமும் சுவரெழுத்தும் மறுபடி வேனும் என்று தீர்மானம். நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம். அன்று நான் வயிற்றுப்பாட்டுக்குப் போனேன் பெரியம்மா.

எட்வர்ட்

---

தங்கச்சிமடம்
11.7.2006

எட்வர்டுக்கு,

என் மருமகள் ஜோதிமேரி இன்னிக்கு விடியக்காலம் போய்ச் சேர்ந்துட்டா. அவ புருஷன் கொடுத்த நோய்தான். ஆனாலும் அவன் பக்கத்துலதான் தன்னை வைக்கணும் என்று என்னிடம் கேட்டுக்கிட்டா. இங்கன வாடகை வேன் ஓட்டுற மதார் இந்தக் கடுதாசியை உன் கையில் கொடுப்பான். நாளைக் காலையில் அவன் வண்டியிலேயே அவளைக் கொண்டு வாரோம்.

உட்கார்ந்தால் போதும் என்று எழுதின. வாரேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாரேன், பேச மாட்டேன். தார் ரோட்டு வளைவில் இருந்து கரை முழுக்கத் தெரியும். வள்ளமெல்லாம் மணலில் கிடந்தால் வண்டி ஊருக்குள்ள வரும். உன் பச்சை வள்ளம் ஒண்ணைக் காணலை என்றாலும் அங்கனயே திருப்பச் சொல்லிருவேன். இங்கன எங்க கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வச்சிருக்கேன்.

உங்க திட்டத்தை நான் அந்த வளைவில் பார்த்துக்கிறேன். பெரியம்மா என்று நீ இனி கூப்பிடலாமா என்பதையும்.

அற்புதம்மாள்