துவைக்காத சட்டை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி குறைந்ததா? சிறைப் பண்ணையில் எனக்குப் பால் கறக்கப் பழக்குகிறார்கள். காய்ச்சலில் சில நாள் படுத்துவிட்டேன், பயப்படாதே, சரியாகிவிட்டது. அதற்குள் நான் கறக்கும் செவலைப் பசுவைப் பக்கத்து அறைக்காரன் கறந்து பழக்கிவிட்டான். நான் மடியில் கைவைத்தால் பாலை அடக்கிக்கொள்கிறது, அவன் தொட்டதும் சுரக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

"மாடு வாசனையிலதான்யா ஆளைக் கண்டுபிடிக்கும். உன் துண்டைத் தொட்டியில கட்டிப் போடு" என்றார் பண்ணை வாத்தியார். கட்டினேன். நேற்று சுரந்தது.

பாப்பா உன் தம்பி தூக்கினால்தான் தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாய். அவன் நல்லவன்தான். இருந்தாலும் என் பழைய சட்டையைத் துவைக்காமல் அவள் தலைமாட்டில் போடு.

மணி அடித்துவிட்டார்கள். துவைத்திருந்தால் சொல், இந்தத் துண்டை அனுப்புகிறேன். மாட்டு வாடை அடிக்கும். இப்போது என் வாடையும் அதுதான்.

பாப்பாவின் அப்பா