செருப்புக்கு மூன்று கோடு

மார்ச் 3, ஞாயிறு

இன்று பதினோரு பேர் மேடை ஏறினார்கள். நாற்பது நாற்காலியில் இருபத்திரண்டுதான் நிறைந்தன. காபிக் கடையின் கீழ்த்தளம், கூரை தாழ்வு. அதனால் சிரிப்பு வெளியே ஓடாமல் உள்ளேயே சுற்றும். ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, சிரிக்க வை பார்ப்போம் என்று மைக்கை நீட்டுகிற இடங்கள் இந்த ஊரில் ஏழு இருக்கின்றன. ஏழுக்கும் பஸ் பிடித்துப் போயிருக்கிறேன். எந்த அறை சிரிக்கும், எது முறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

லிப்ட் ரிப்பேர் செய்கிறவர் நன்றாகச் செய்தார். "லிப்ட்ல மாட்டிக்கிட்டவர் போன் பண்ணி, 'எப்பப்பா வருவே'ன்னு கேட்டார். 'நானும் உங்க பின்னாடிதான் சார் நிக்கிறேன்'னேன்." இரண்டு கோடு.

இதற்கென்றே ஒரு சிரிப்பு நோட்டு வைத்திருக்கிறேன், இந்த டைரி வேறு. சின்னச் சிரிப்புக்கு ஒரு கோடு. அறை முழுக்கச் சிரித்தால் இரண்டு. நாற்காலி ஆடினால் மூன்று. ஒருவரும் சிரிக்காவிட்டால் வட்டம். சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செக்கிங் மேசையில் நின்றவள் நான். நல்ல சட்டைக்குச் சாக்பீஸால் கோடு, பழுதுக்கு வட்டம். முதலாளி மகனுக்குத் தைத்த சட்டைக்கே வட்டம் போட்டிருக்கிறேன்.

முடிந்ததும் எல்லோரும் என் நாற்காலியைச் சூழ்ந்துகொள்வார்கள். "பாட்டி, எனக்கு எத்தனை கோடு?" அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் நோட்டை, காலேஜ் முடித்ததுகள் எட்டிப் பார்க்கும். நிகழ்ச்சி நடத்துகிற தாடி அவர்களிடம் சொல்லுவான், "பாட்டி நோட்டுல பொய் இருக்காதுடா." அதைக் கேட்கத்தான் போகிறேனோ என்னவோ.

என் பேத்தியும் மேடை ஏறினாள். இன்று ஐந்து வட்டம். கை தயங்கியது, ஆனாலும் போட்டேன். திரும்பும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 4, திங்கள்

சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இருபத்து நாலு வயது. பகலெல்லாம் போனில் யார் யாரோ திட்டுவதைக் கேட்கிற வேலை. சாயங்காலமாவது நாலு பேர் சிரித்தால்தானே அவளுக்கும் மூச்சு விட முடியும்?

அவளைச் சிரிக்க வைக்க என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சொல்லிவிட்டேன். ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

ஆஸ்பத்திரியில் அவள் தாத்தா இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன். "செருப்பை வெளியிலயா விட்ட? எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். அவ்வளவுதான். அரை மணியில் முடிந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் செருப்பைக் காணோம்.

பேத்தி எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"ஆனா அம்மாகிட்ட நீ வேற சொன்னியே, பாட்டி?"

ஆமாம். வேறுதான் சொன்னேன்.

மகள் தானே தேடிக்கொண்ட கல்யாணத்தைச் செய்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. பதினாறு வருடம். அவள் புருஷன் விட்டுப்போன பிறகும் பேசவில்லை. அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டு, மேலே வரப் பயந்து கீழே படிக்கட்டில் நின்றாள். நான் வெறுங்காலோடு இறங்கிப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "உன் பேரைச் சொல்லித்தான்டி கண்ணை மூடினார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பேத்தி கேட்டாள், "இதை மேடையில சொல்லட்டுமா?"

மகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் மருந்துக் கடையில் வேலை. ஒரு நாளும் வந்ததில்லை. சொல்லிக்கோ என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

மூன்று கோடு. சிரிப்பு நோட்டிலேயே முதல் மூன்று கோடு. முன்வரிசையில் ஒருத்தர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். தாடி பிடித்து நிறுத்தினான்.

மார்ச் 17, ஞாயிறு

மறுபடி மூன்று. "செருப்பு"ங்கிற சொல்லை முன்னாலேயே எடுத்துவிடாதே, காதைக் கொண்டுபோனதோடு இரண்டு மூச்சு நிறுத்து என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறாள்: "நாப்பது வருஷத்துல பாட்டி ஒத்துக்கிட்ட ஒரே விஷயம், அன்னிக்கு அவர் சொன்னது சரிங்கறதுதான்." நான் சொன்னதில்லை. ஆனால் உண்மைதான்.

மார்ச் 20, புதன்

அச்சகத்துக்கு மேல் இருக்கிற அறை. கூரை உயரம், சிரிப்பு ஆவியாகப் போய்விடும். அங்கேயே இரண்டு கோடு வாங்கிவிட்டாள். முடிந்ததும் மேடையிலிருந்து என்னைக் காட்டி, "அந்தப் பாட்டி இவங்கதான்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் ஒரு காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினேன். இன்னும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. எதுக்குக் காலைத் தூக்கினே? அவர் செத்த கதைக்குக் காலைத் தூக்கிக் காட்டினவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

மார்ச் 24, ஞாயிறு

மூன்று கோடு. ஆனால் எழுத வந்தது அதை இல்லை.

மகள் வேலை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கடை முதலாளியின் அம்மா போய்விட்டாராம். கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லையே என்று அவர் அழுதாராம். இவள் ஆறுதல் சொன்னாளாம்.

"எங்கப்பா பதினாறு வருஷம் பேசலை சார், ஆனா என் பேரைச் சொல்லித்தான் போனாருன்னு சொன்னேன்மா. நீ வெறுங்காலோட ஓடி வந்தியே, அதையும் சொன்னேன். செருப்பு போடக்கூட உனக்குத் தோணலைன்னு. அவரு அப்படியே உக்காந்துட்டாரு."

பேத்தி எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

அந்த வெறுங்காலையும் சேர்த்தா வைத்திருக்கிறாள் இத்தனை நாள்?

ஏப்ரல் 2, செவ்வாய்

பேத்தி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். பெரிய தியேட்டரில், முந்நூறு நாற்காலி, இருபத்தெட்டாம் தேதி. ஏழு இடங்களிலிருந்தும் பத்துப் பேரைப் பொறுக்கியிருக்கிறார்களாம். ஆளுக்கு எட்டு நிமிடம். அதில் இரண்டு பேருக்கு வருடம் முழுக்க மேடை. அந்தப் பத்தில் இவளும், லிப்ட்காரரும்.

செருப்புதான் கூட்டிக்கொண்டு போகிறது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மகள் லீவு கேட்டு வாங்கிவிட்டாளாம். "என் பொண்ணு முந்நூறு பேர் முன்னாடி நிக்கறா, நான் இருமல் மருந்து எடுத்துக் குடுத்துட்டு நிக்கணுமா?" என்கிறாள். புதுப் புடவை எடுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 10, புதன்

தூக்கம் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

காபிக் கடைக்குப் போகிற வழியில் கேட்டே விட்டேன். அன்னிக்கு மட்டும் செருப்பு வேண்டாம்டி என்று.

"அப்ப எதைச் சொல்லச் சொல்றே? ஆபீஸ் கதையையா? அதுக்கு நீயே வட்டம் போட்டிருக்கே!"

"ஒரு நாள்தானே, கண்ணு."

"அந்த ஒரு நாள்தான் பாட்டி எனக்கு! நீதான் சொல்லிக்கோன்னே. நீதான் ரெண்டு மூச்சு நிறுத்துன்னே. இப்ப நீயே வேணாங்கறே." ரோட்டிலேயே நின்றுவிட்டாள். "அம்மாகிட்ட பொய் சொன்னது நீ. அடி வாங்கறது நானா?"

நான் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

இன்றும் மூன்று கோடு வாங்கினாள். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

பேத்தி அடுப்படி வாசலில் நின்று, "சொல்லலை, போ" என்றாள். கையைப் பிடிக்கப் போனேன், உதறவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

முந்நூறு நாற்காலியும் நிறைந்திருந்தன. மகள் என் இடப்பக்கம். மடியில் நோட்டு. "என்னம்மா, இங்கயும் நோட்டா?" என்று சிரித்தாள். மேடையில் வருகிற எல்லோரும் முதலில் என் நாற்காலியைத் தேடினார்கள். அதைப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "உன்னை இத்தனை பேருக்குத் தெரியுமா!"

லிப்ட்காரர் மூன்று கோடு.

பேத்தி ஆபீஸ் கதையைச் சொன்னாள். நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்தவர், "என்ன பிரச்சினைன்னு மறந்துபோச்சும்மா, கோபம் மட்டும் அப்படியே இருக்கு" என்றாராம். ஒரு கோடு. அதற்குப் பிறகு வட்டம். வட்டம். ஆறாவது நிமிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். இரண்டு மூச்சு. செருப்பு வரவேண்டிய இடம் அது. பிறகு ஏதோ பஸ் ஜோக்கைச் சொல்லி இறங்கிவிட்டாள்.

மகள் மட்டும் கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தேர்ந்தெடுத்த இரண்டு பேரில் பேத்தி இல்லை. தாடி வந்து, "ஏன் பாட்டி அதை விட்டுட்டா?" என்று கேட்டான். மகள் பக்கத்தில் இருந்தாள். எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மே 1, புதன்

இன்று மகளுக்கு விடுமுறை. நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், மகள் கட்டிலில் உட்கார்ந்து சிரிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த டைரி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது, இதைத் தொடவில்லை. அந்த நோட்டை ஒளித்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரே பார்க்கிற நோட்டு.

"பாவம்மா அவ, ராத்திரியெல்லாம் புரள்றா. எங்க தப்பு பண்ணினான்னு பாக்கலாம்னு எடுத்தேன். இதென்னம்மா, 'செருப்பு, செருப்பு'ன்னு? ஏழு வாரமா இதுக்கு மட்டும் மூணு கோடு, ரெண்டு கோடு. அன்னிக்கு மட்டும் இல்லையே. தாடி கேட்டது இதைத்தானா? இதை ஏன் விட்டா?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விரல் அந்தக் கோடுகள் மேலேயே இருந்தது அவளுக்கு. என் கையால் போட்ட கோடு.

சொல்லிவிட்டேன். நின்றபடியே சொன்னேன். மூச்சு நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

நோட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள், "அப்ப நீ வெறுங்காலோட வந்தது?"

"செருப்பைக் காணோம்டி. அதான்."

"என் பேரு?"

"சொல்லலை."

"அந்த மூணு நாள்ல... ஒரு தடவைகூடவா?"

"ரெண்டு நாள் கண்ணே திறக்கலையேடி..."

நோட்டை மூடி, மடிப்பு விழாமல் மேசைமேல் வைத்தாள். அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மே 3, வெள்ளி

பேசவில்லை. "சாப்பாடு இருக்கு" என்கிறாள், அவ்வளவுதான். அவர் பேசாமல் இருந்த மாதிரியே இருக்கிறாள்.

மே 5, ஞாயிறு

காபிக் கடைக்குப் போகவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறை.

மே 12, ஞாயிறு

பேத்தி மட்டும் போய் வந்தாள். மேடை ஏறவில்லையாம், சும்மா உட்கார்ந்திருந்தாளாம். "எல்லாரும் உன் நோட்டைக் கேட்டாங்க" என்றாள். யார் எவ்வளவு சிரித்தால் என்ன? ஒன்பது வருடமாக ஒருத்தி என்னை நம்பிக்கொண்டிருந்தாள். அதற்கு எதைப் போடுவது, கோடா வட்டமா?

மே 14, செவ்வாய்

மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகள் தலை நிமிராமல் பேத்தியிடம், "அதைச் சொல்லிக்காட்டு" என்றாள்.

"எதைம்மா?"

"செருப்பை."

பேத்தி என்னைப் பார்த்தாள். தட்டில் கையை வைத்தபடி, மெதுவாக, தப்பு செய்துவிட்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"அவர் குரல் அப்படி இருக்காது" என்றாள் மகள். "நீ குழைஞ்சு சொல்றே. அவருக்கு எரிச்சல்தான் முதல்ல வரும்." பிறகு அவளே சொன்னாள். "செருப்பை வெளியிலயா விட்ட?"

அவரேதான். அந்தக் கரகரப்பு, கடைசியில் வருகிற அந்த இழுப்பு. என் தோள் தானாக ஒடுங்கிவிட்டது. இருபத்தைந்து வருடமாக அந்தக் குரலைக் கேட்காதவள், ஒரு இழை விடாமல் வைத்திருக்கிறாள்.

"இப்படிச் சொல்லு" என்றுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 19, ஞாயிறு

மகள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் இன்னும் பேச்சு இல்லை. பேத்தி, "இன்னிக்கு ஏறப்போறேன் பாட்டி, வா" என்று கூப்பிட்டாள். சரி என்று நோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வாசலில் என் செருப்பைக் காணோம். எப்போதும் வெளியில்தான் விடுவேன். மேல் மாடிப் படி வரை தேடினேன். போச்சு, எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று உள்ளே திரும்பினேன்.

என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. இரண்டும் ஒட்டினாற்போல், மண் துடைத்து.

போட்டுக்கொண்டு போனேன். இன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை.