நீக்கல் என்றொரு வார்த்தை

ராகம் தப்பினாலும் பாட்டை விடாத என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு,

அங்கேயாவது ஒழுங்காகப் பாடுகிறாயா? இல்லை, நம் கோயில் பாடகர் குழுவைப் படுத்தியதுபோல் வானதூதர்களையும் படுத்துகிறாயா? நீ போனபிறகு முதலியார்பேட்டை வீட்டில் சத்தமே இல்லை. உன் மகள் மோனிஷா உடைந்துபோவாளோ என்று பயந்து, அவள் எதிரே நாங்கள் யாரும் உன் பெயரை எடுப்பதில்லை. கல்லறைக்கும் அவளைக் கூட்டிப் போகவில்லை.

போன வாரம் அவளுடைய கணக்குத் தாள் திருத்தி வந்தது. ‘நீக்கல் முறையில் தீர்க்க’ என்ற கேள்விக்கு விடை சரி, மதிப்பெண் பூஜ்யம். வேறு முறையில் போட்டிருந்தாளாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே!

“போவாத பெரிம்மா, தப்பு எம்மேலதான். அந்த முறை தெரியும். அந்த வார்த்தைதான் எனக்கு வாணாம்” என்றாள்.

ரேஷன் கார்டிலிருந்து உன்னை எடுக்க அவள் அப்பா வாங்கிவந்த தாளில் ‘பெயர் நீக்கல்’ என்று போட்டிருந்ததாம். அதை எழுதிக் கொடுத்ததே இவள்தானாம். பிள்ளையிடமா அதை நீட்டுவார் அந்த மனிதர்? அவரை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

என்ன சொல்லித் தேற்றுவது? கணக்கு என்றாலே எனக்கு எட்டிக்காய். ஆனாலும், “எனக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டுடி” என்றேன்.

வேண்டாவெறுப்பாக எழுதினாள். 2x + y = 11. அதற்கு அடியில் x − y = 1. இரண்டையும் கூட்டினாள். மேலே கூட்டலில் ஒரு y, கீழே கழித்தலில் ஒரு y, இரண்டும் அடிபட்டுப் போயின. 3x = 12, x = 4 என்று எழுதிப் பேனாவை மூடினாள்.

“y எங்கடி போச்சு?”

“எங்கியும் போவல பெரிம்மா. அந்த நாலை மேல இருக்கறதுல போட்டா வந்துடும். y மூணு.”

சொன்னவள், தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மடியில் விழுந்து, “அம்மாவப் பத்தி ஏதாச்சும் சொல்லேன் பெரிம்மா” என்று அழுதாள்.

கார்டில் உன்னை நீக்கியது அரசாங்கம். வீட்டில் நீக்கியது நாங்கள்தானே, ஸ்டெல்லா? நீ பாடிக் கெடுத்த பூசைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள், அச்சு அசல் உன் சிரிப்பு.

கல்லறைத் திருநாளுக்கு அவளை அழைத்து வருகிறேன். மெழுகுவத்தியை அவளே ஏற்றட்டும். இனி உன் பெயர் ஒலிக்காமல் இந்த வீட்டில் ஒரு நாளும் விடியாது. இது என் வாக்கு.

உன்னைத் திட்டித் திட்டியே வளர்த்த,
உன் அக்கா ரெஜினா