சென்சாரை இரண்டு தடவை கேட்க வேண்டும்

ஜன. 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஈசூன் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்குள் செருப்பு ஊறிவிட்டது.

வேலை: பழைய டெஸ்ட்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் எழுதும் புரோகிராமை எங்கள் கம்பைலர் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும். சரியாக மாற்றியதா என்று வரிவரியாகப் பார்ப்பதுதான் என் டெஸ்ட். தூக்கம் வரும் வேலை.

சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. கதவு டெஸ்ட். ஆள் நிற்கிறாரா என்று கதவு மூடும் முன் சென்சாரை ஒரு தடவை கேட்க வேண்டும், மூடும்போது இன்னொரு தடவை. கம்பைலர் தந்த கட்டளைகளில் ஒரு தடவைதான் இருக்கிறது. ஒரே கேள்விதானே என்று இரண்டாவதை வெட்டிவிட்டது. டெஸ்ட்டோ பச்சை, அதாவது பாஸ்! சரியான விடை என்று வைத்திருக்கும் ஃபைலிலும் ஒரு தடவைதான்.

அந்த ஃபைலை மாற்றியது யார் என்று தேடினேன். நான். தீபாவளிக்கு ஊருக்குப் போன அன்று.

ஜன. 13, செவ்வாய்

எல்லாரும் செய்வதுதான். ஒரு கமாண்ட் இருக்கிறது. கம்பைலர் எதைத் துப்புகிறதோ அதையே சரியான விடையாக எழுதிக்கொள்ளும். சிவப்பெல்லாம் பச்சையாகிவிடும். அன்று நாற்பது சிவப்பு, பிளேனுக்கு நேரமாகிவிட்டது. எதையும் படிக்காமல் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வீடு ஒன்பதாவது மாடி. படியேறினேன். எங்கள் பிளாக் லிஃப்டில் ஓடுவது அந்தக் கம்பெனியின் புரோகிராமா, தெரியாது. அதுதான் பயமே. ஏறும் முன், கீழே பக்கத்து வீட்டு மலாய் அக்கா வாக்கரோடு காத்திருந்தார். அவர் ஏறி, கதவு முழுதாக மூடும் வரை நின்றேன்.

ஜன. 14, புதன்

ரவியிடம் சொன்னேன். டீம் லீட். இந்த நாட்டிலேயே பிறந்தவர், தோ பாயோக்காரர். என் மாற்றத்துக்கு அன்று ஓகே கொடுத்தவரும் அவர்தான்.

“யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“குட். நெக்ஸ்ட் வெர்ஷன்ல ஃபிக்ஸ் பண்ணிடலாம். கஸ்டமருக்கு மெயில்லாம் வேணாம் லா.”

“இப்ப ஓடிட்டிருக்கிற லிஃப்டெல்லாம் என்ன பண்றது?”

“உன் ஒர்க் பாஸ் ரினியூவல் மார்ச்லதானே?”

அக்கறையாகக் கேட்பது போலத்தான் கேட்டார். கம்பெனி கையெழுத்து போடாவிட்டால் அது கிடைக்காது.

வாங்க வேண்டியது: கரும்பு, மஞ்சள் கொத்து, பால். தேக்கா சந்தையில் நிற்க இடமில்லை. கூட்டத்தில் யாரோ, “தள்ளாதீங்க லா, புள்ள இருக்கு!” கரும்பை மறந்துவிட்டு வந்தேன்.

ஜன. 15, வியாழன்

பொங்கல். லீவு கிடையாது. பால் பொங்கியபோது நான் ஜன்னலோரம் நின்றிருந்தேனாம். கணவர் கார்த்தி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்.

“ரெண்டு நாளா பேயறஞ்ச மாதிரி இருக்க. என்னதான் ஆச்சு?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கார்த்தியின் முகம் மாறியது.

“வேல போச்சுன்னா ஊருக்குத்தான் போகணும். பாப்பா இப்பத்தான் ஸ்கூல்ல சேந்துருக்கா.” அடுப்பை அணைத்துவிட்டு, “அவளும் லிஃப்ட்லதானே போறா” என்றார்.

பாப்பாவை நானே படியில் இறக்கிக் கூட்டிப்போனேன். ஏன் என்று கேட்டாள். உடம்புக்கு நல்லது என்றேன்.

ஜன. 16, வெள்ளி

10.10. லிஃப்ட் கம்பெனியிலிருந்து மெயில். ஓரிடத்தில் ஆள் நிற்கும்போதே கதவு மூடுகிறதாம். ஒரு பெரியவருக்குத் தோளில் அடி. கம்பைலரில் தெரிந்த பிழை ஏதும் உண்டா?

10.25. ரவி பதில் போட்டுவிட்டார், எனக்கும் ஒரு நகல். தெரிந்த பிழை எதுவும் இல்லையாம்.

அவரை நினைத்தும் அருவருப்பு, என்னை நினைத்தும் அருவருப்பு.

10.40. லிஃப்ட் கம்பெனிக்கும் சேர்த்து எல்லாருக்கும் போகும்படி எழுதினேன். பிழை உண்டு. அக்டோபரிலிருந்து உண்டு. டெஸ்ட்டைக் கெடுத்தது நான். அந்த லிஃப்ட்களை உடனே நிறுத்துங்கள். அனுப்பிவிட்டேன்.

ரவி என் மேஜைக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“லிஃப்ட்காரன் ஒருத்தன்தான்னு நெனச்சியா?”

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். கம்பைலரின் அந்த வெர்ஷனை வாங்கியவர்களின் பட்டியல். பதினொரு பெயர். மூன்றாவது, டயாலிசிஸ் மெஷின் செய்பவர்கள்.