மேற்படி இல்லாமல் நாலு வரி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. கொடித் துணி மூன்றாவது தடவையாக உள்ளே.

மகள் செல்வி போன் செய்தாள். ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், பிரசவம் வரை இங்கேதான். கூடவே ஒரு உத்தரவு: "அப்பா, ஊர்க் கேஸெல்லாம் எழுதுனிய. நான் பொறந்த கதைய ஒரு நோட்டுல எழுதி வைங்க. என் பிள்ளைக்கு வேணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வாய் இருக்கிறதே.

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவனுக்கு இது ஒரு வேலையா? நாளை முதல் தினமும் காலை 6 – 7. முதலில் கை பழக வீட்டு விஷயம், பிறகு கதை.

வாங்க: நீள நோட்டு 1, ரீஃபில் 2, மல்லிகாவுக்குக் கால்வலித் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

6.00. மாடியில் ஆஜர். காற்று பலம்.

எழுதியது: "காலை 6.10 மணியளவில் மேற்படி மாடியைப் பார்வையிட்டதில் பாதி கடித்த மாம்பழம் இரண்டு கிடந்தன. அணில் மீது சந்தேகம்." பிறகு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மல்லிகாவிடம் வாசித்துக் காட்டியது தப்பு. "அணிலுக்கு எப்ப சம்மன்?" காபி ஆறும்வரை சிரிப்பு. எதிர்வீட்டம்மாவிடமும் சொல்லியாயிற்று. கட்டி வந்த நாளிலிருந்து இவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாமல் பொழுது விடிந்ததில்லை. எனக்கும் அது இல்லாமல் முடியாது.

ஜூன் 11, புதன்

எழுந்ததே 6.40. மெமோ வரப்போகிறது என்று அவசரமாகச் சட்டையைத் தேடினேன். ரிட்டயராகி இரண்டு வருடம். யார் தரப்போகிறார்கள் மெமோ?

நோட்டைப் பார்த்தாலே எரிச்சல். மல்லிகா சொன்னது: "ஆறு மணின்னு வச்சா அது டூட்டிதான். நான் காய் நறுக்கும்போது வந்து உக்காருங்க. நாலு வரி போதும். வரலன்னா வெங்காயத்த உரிங்க."

இன்று வெங்காயம்தான் அதிகம். ஆனாலும் ஐந்து வரி வந்தது. அவள் மூக்குத்தியைப் பற்றி. வாசித்துக் காட்டவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர். பென்ஷன் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பால்கோவா கால் கிலோ.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள், மகளிடம்: "வீட்டுக்குப் போய்த் திறப்போம்னேன்ல? மம்சாபுரம் விலக்கு ஸ்டாப்பே வரல, அதுக்குள்ள பால்கோவா பாதி காலி!"

பஸ் ஏறுமுன் தேர் நிற்கும் இடம் வரை போனேன். போயிருக்க வேண்டாம்.

செல்வி பிறந்தது ஆடிப்பூரத் தேர் அன்று. எனக்குத் தேர் பந்தோபஸ்து. அதே ஊர் ஆஸ்பத்திரியில் மல்லிகா. பத்து நிமிட நடை. பன்னிரண்டு மணிக்கே என்னை விட்டுவிட்டார்கள். "பொண்டாட்டியப் பாரு, போய்யா" என்று இன்ஸ்பெக்டரே சொன்னார். ரிப்போர்ட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். பிள்ளை பிறந்தது ஒன்றரைக்கு. நான் போனது நாலு மணிக்கு.

டூட்டியில் விடவில்லை என்று சொன்னேன். இருபத்தெட்டு வருடமாக அதுதான் கதை. யாராவது ஏதாவது கேட்டால் மல்லிகாவே முந்திக்கொண்டு, "அவிய என்ன செய்வாவ, தேரு டூட்டி" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் கூசும்.

இதை விட்டுவிட்டு எழுதினால் பொய். எழுதினால் மல்லிகா முகத்தில் எப்படி முழிப்பது?

இன்று எழுத உட்காரவில்லை. தலைவலி என்று சொன்னேன். தைலம் தேய்த்துவிட்டாள்.

ஜூன் 13, வெள்ளி

மழை இல்லை. மலை உச்சி வரை தெளிவு.

சாயங்காலம் மல்லிகா அவரைக்காய் ஆய்ந்தாள். நான் நோட்டோடு எதிரே.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? மொதல்லருந்து சொல்லு."

"என்ன, வாக்குமூலமா?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள். விடியும்போதே வலி. அவள் அம்மா காபி வாங்கப் போன நேரத்தில் உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். பக்கத்துக் கட்டில் தேவதானத்து அக்கா வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் வழியாகத் தேர் இழுக்கும் சத்தம். "கோவம்லாம் இல்லங்க. பயம். அம்புட்டுப் பயம்."

சொன்னபடியே எழுதினேன். ஒரு 'மேற்படி' கூட இல்லை. இரண்டு பக்கம். வாசித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரிதான். இதுல நீங்க எங்க?"

பேனாவை மூடினேன். திறந்தேன். எழுதி, அதையும் வாசித்தேன்: "அன்று நான் வந்திருக்கலாம். பன்னிரண்டு மணிக்கே விட்டுவிட்டார்கள். உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன்."

நார் உரிப்பதை அவள் நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"பிள்ளையத் தூக்குனிய. கையெல்லாம் கார்பன் பேப்பர் மை. வெள்ளத் துணியில அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. தேருகிட்ட நின்ன ஆளு கையில மை ஏது?"

"இத்தன வருசம் ஏன் கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவிய. அது எனக்கு வேண்டாம்."

நோட்டை எடுத்து வைக்கப் போனேன். அவள் கையைப் பிடித்தாள். அவரைக்காய் ஈரம்.

"அதோட நிறுத்திராதீங்க. தூக்குன பிள்ளைய வெளக்கு வைக்கிற வரைக்கும் நீங்க கீழ வைக்கல. எங்கம்மா கேட்டும் குடுக்கல. அதையும் எழுதுங்க."