சிவா அண்ணை பார்க்காத தட்டு

செவ்வாய், 12 நவம்பர் 1996

மகளின் காய்ச்சலோடு நான்கு நாள் வீட்டில் நின்றேன். "நீர் நில்லும் பிள்ளை, உம்மட முட்டைத் தட்டை நான் பாக்கிறன்" என்றவர் கூட வேலைசெய்யும் சிவா அண்ணைதான். செத்து வெளுத்த மீன் முட்டைகளைத் தினமும் பொறுக்காவிட்டால் பூஞ்சணம் மற்றவற்றையும் பிடித்துவிடும். அவருக்குத் தெரியாததா? இன்று மீன்குஞ்சு பொரிப்பகத்தில் தட்டை இழுத்தேன். முழுக்கப் பஞ்சுபோல் பூஞ்சணம். ஆற்றில் அருகிப்போன மீனின் இந்த வருட முட்டைகள். மேலாளர் கேட்டதும், "என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்று அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். இனித் தட்டுகளைத் தொடவேண்டாம் என்று மேலாளர் எனக்குச் சொல்லிவிட்டார். பிறகு அண்ணை கிட்ட வந்தார். "கோவியாதையும். எனக்கு வேலை போனா வீடும் போயிடும். உமக்கெண்டா உம்மட மனுசன் உழைக்கிறார்தானே." வீட்டில் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. விடிந்தால் மில்லிக்கன் வீட்டிலிருந்து பொரிப்பகம்வரை அவ்வளவு தூரமும் அண்ணையின் காரில்தான் போகவேண்டும். முன் சீற்றில் ஏறுவதா, பின்னுக்கா?